பேச்சியம்மாவுக்கு வைத்த மேசை

முதல் நாள் காலை அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். நல்லவள் வேஷம் போட்டுக்கொண்டு பிரியந்தியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

எங்கள் கடை நுவரெலியாவில் ஒரு பழைய வெள்ளைக்காரன் பங்களாவில் இருந்தது. கொழும்பில் ஐந்து கிளை வைத்திருந்த கோப்பிக் கடைக் கம்பெனி ஒன்று, இரண்டாயிரத்து நாலில் அந்தப் பங்களாவை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, முன் விறாந்தைக்குக் கண்ணாடி போட்டு ஆறாவது கிளையைத் திறந்தது. முன்னால் புல்தரை, கார் நிறுத்த இடம், தொப்பி போட்ட வாட்ச்சர். பின்னால் சமைக்கிற பழைய குசினியும் ஒரு சீமெந்து முற்றமும். கடை திறக்குமுன் மெனேஜர் எங்களை வரிசையில் நிறுத்தி, அன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று பெயர் கூப்பிட்டுச் சொல்வார். "பிரியந்தி" என்றதும் அவள் ஓரடி முன்னால் வந்து, கட்டின கையை அவிழ்க்காமலே, "ஆமாங்க" என்றாள். மெனேஜர் சிங்களவர். அவர் ஏதோ சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தார்.

"என்ன பிள்ளை, பள்ளிக்கூடத்திலை முட்டிக்கால் போட்ட மாதிரி நிக்கிறாய்?" என்று நான் கேட்டேன்.

"பெரட்டுல இப்படித்தாங்கக்கா நிப்பாங்க" என்றாள்.

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது. அவள் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. சின்ன வயதில் அம்மாவோடு பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பழகியதில், பெயர் கூப்பிட்டால் கை தானாகக் கட்டிக்கொள்ளும். அதை அவள் விட ஆறு மாதம் பிடித்தது. அந்த ஆறு மாதமும் நான் கிண்டல் பண்ணினேன்.

நான் யசோதினி. யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரின் மகள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு மூட்டை முடிச்சோடு வந்தோம். அப்பாவுக்கு நுவரெலியாவில் பள்ளிக்கூடம் கிடைத்தது, அப்படியே இங்கே தங்கிவிட்டோம். கடையில் நான் காசு மேசைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பொறுப்பு. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். அந்த நாளில் சாப்பிட ஒரு துண்டு பாணுக்கு மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றவள்தான் நானும். இருந்தாலும் எங்கள் வீட்டில் "தோட்டத்துச் சனம்" என்று சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இறங்கும். அந்தக் குரல் எனக்குள்ளும் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

பிரியந்தி எண்பத்து மூன்றில் லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம், ஆளுக்கு ஓர் அறை. அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது தகப்பன் மூக்கன், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது பட்ட காயம் புழுத்துப் போய்ச் செத்தார். தாய் பேச்சியம்மா கொழுந்து பறித்து இவளையும் தம்பி கிஷாந்தையும் வளர்த்தாள். ஓ.எல். பரீட்சை எழுதிக் கணிதத்தில் கோட்டை விட்டு, ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் மூன்று வருடம் நின்றாள். பிறகு எங்கள் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தாள். கொழும்புக்கு அனுப்பி இரண்டு வாரம் பழக்கினார்கள். வந்ததும் கோப்பி போடுகிற பெரிய இத்தாலி மெஷினுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

அப்பா, அந்தக் கை! நான் பொய் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் ஒரு கோப்பை முடித்துத்தான் அடுத்ததற்குப் போவார்கள். இவள் இடது கையால் தூளை அமுக்கும்போதே வலது கை பாலை நுரைத்துக்கொண்டிருக்கும். கண் இரண்டையும் பார்க்காது, வாசலைப் பார்க்கும். "கொழுந்து பறிக்கிற கைக்கா, ரெண்டும் தனித்தனியா வேல செய்யும்" என்று சொல்லுவாள். கப்புச்சீனோவின் மேல் நுரையில் இதயம் வரைய வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அவள் அவசரமில்லாத நேரத்தில் இதயத்தை விட்டுவிட்டு, இரண்டு இலையும் நடுவில் ஒரு மொட்டும் வரைவாள். நுவரெலியாவில் அதை வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. இன்றைக்கு அவள் கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில் பத்துப் பேருக்கு மேலாக இருக்கிறாள். அங்கேயும் அதையே வரைகிறாளாம்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அதைக் கேட்டபோது, இது என்ன ஆசை என்று நினைத்தேன்.

"எங்கம்மாவ இந்த ஜன்னல் மேசையில உக்கார வச்சு, நான் போட்ட கோப்பிய தட்டுல கொண்டாந்து குடுக்கணும்கா. ஒரே ஒரு தடவ."

"அதுக்கென்ன, கூட்டிக்கொண்டு வாவன்."

"வர மாட்டாங்கக்கா. எங்கம்மா உக்காந்து தேத்தண்ணி குடிச்சு நான் பார்த்ததே இல்ல."

கொழுந்து பறிக்கிற மலையில் பத்து மணித் தேத்தண்ணியை நின்றுகொண்டே குடிக்க வேண்டும், உட்கார்ந்தால் கங்காணி ஏசுவார். வீட்டிலும் அடுப்படியில் நின்றபடிதான். எட்டு வயதில் ஒருநாள் அம்மாவோடு தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவுக்குப் போயிருக்கிறாள், ஏதோ ஒரு கடிதத்துக்காக. முன் வாசலில் கால் வைத்தவுடன் வாட்ச்சர் கத்தினான். குசினிப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். சமையல்காரன் தகரக் குவளையில் கொடுத்த பிளேன்டீயை, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி, நின்றுகொண்டே அம்மா குடித்தாள். "பக்கத்துல ஒரு பலகை சும்மாதான் கெடந்துச்சுக்கா. யாரும் உக்காருன்னு சொல்லல." இதைச் சொல்லும்போது பிரியந்தி அழவில்லை, பால் ஜக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து ஆறு தொடக்கத்தில் பேச்சியம்மாவுக்குத் தொண்டை அடைத்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு சாப்பாடு இறங்கவில்லை, குரல் போய்விட்டது, காற்றாகத்தான் பேச்சு வந்தது. நுவரெலியாக் கிளினிக்குக்கு வரச் சொல்லித் திகதி கொடுத்தார்கள், ஏப்ரல் பன்னிரண்டு. அதற்குப் பிறகு மகரகமவுக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். மகரகம என்றால் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று எல்லோருக்கும் தெரியும். பிரியந்திக்கும் விளங்கிவிட்டது.

"இப்ப தண்ணி மாதிரி உள்ளதுதான் எறங்குது. இன்னும் ஒரு மாசம் போனா அதுவும் எறங்காதுக்கா" என்றாள். அம்மாவிடம் ஆயிரம் தடவை சொல்லி வைத்தாள்: கிளினிக் முடிந்ததும் நேரே கடைக்கு வா, முன் கதவால் வா, வாட்ச்சரிடம் என் பெயரைச் சொல்லு. வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பேச்சியம்மா தலையாட்டினாளாம்.

ஏப்ரல் பன்னிரண்டு என்றால் நுவரெலியாவில் என்ன நாள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். புத்தாண்டுக்கு இரண்டு நாள் முந்தி, சீசன் உச்சம். கொழும்பு முழுவதும் கார் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். அந்த நாளில் லீவு கேட்டால் மெனேஜர் வேலையை விட்டே அனுப்பிவிடுவார். பிரியந்தி லீவு கேட்கவில்லை. ஜன்னல் மேசையை ஒரு மணித்தியாலம் பிடித்து வைக்க மட்டும் கேட்டாள். இரண்டு நாள் கெஞ்சினாள், நானும் கூடச் சேர்ந்து கேட்டேன். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை என்று மனுஷன் ஒத்துக்கொண்டார். "ரிசேர்வ்ட்" பலகையை அவளே கொண்டுபோய் வைத்தாள். மேசையைத் துடைத்தாள், போய் வந்து மறுபடியும் துடைத்தாள்.

பதினொன்றானது. பதினொன்றரை. வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் மெஷினுக்குப் பின்னாலிருந்து அவள் தலை நிமிரும். பன்னிரண்டுக்கு மெனேஜர் பலகையை எடுத்துவிட்டு ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்றை அங்கே உட்கார வைத்தார். மழையும் பிடித்துக்கொண்டது. "இன்னும் கிளினிக் முடிஞ்சிருக்காது" என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். அவள் மெஷினை விட்டு நகர வழியில்லை. முப்பது ஓர்டர் சிட்டை வரிசையில் தொங்கியது. அந்த அவசரத்திலும் அன்றைக்கு அவள் இதயம் வரையவில்லை, அம்மாவுக்காக இலையும் மொட்டும்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். கொழும்பு அம்மா ஒருவர் கப்புச்சீனோவை ஒரு வாய் குடித்துவிட்டு, கசக்கிறது என்று திருப்பி அனுப்பினார். கையில் அந்தக் கோப்பையோடு பின்பக்கம் போனேன். முற்றத்தில், தாழ்வாரத்து ஓரமாக, ஒரு மனுஷி நின்றாள். மெலிந்த உடம்பு, தலையில் துவாய், மேலே ஆண்கள் போடுகிற பழைய சுவெட்டர். கையில் ஒரு பிளாஸ்டிக் சிலிசிலி பை. எங்கள் கடைக் கோப்பிச் சக்கையைப் பூஞ்செடிக்கு எருவாகப் போட என்று அக்கம்பக்கத்துச் சனம் இப்படிப் பையோடு வந்து நிற்பது வழக்கம். அதிலும் அன்றைக்கா? எனக்கு வந்ததே கோபம்.

"என்னணை, என்ன வேணும்? இதிலை நிண்டால் பால் வண்டி எப்பிடி வாறது?"

அவள் இரண்டடி தள்ளி நின்றாள். "ஒண்ணும் வேணாங்கம்மா. சும்மாதான் நிக்கிறேன்" என்றாள். குரலே இல்லை, உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். குளிருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

"சக்கைக்குத்தானே? இருங்கோ." ஒரு பெரிய பையில் சக்கையை அள்ளிக் கட்டி அவள் கையில் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாள். மழையில் நனைந்து நடுங்கினதைப் பார்க்க ஏதோ மனசு இளகியது. என் பெருந்தன்மையைப் பாருங்கள், கொட்டப்போன அந்தக் கப்புச்சீனோவை நீட்டினேன். "இந்தாங்கோ, சூடாய்க் குடியுங்கோ."

அவள் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுமையில்லை. "குடியுங்கோவன், ஆறப்போகுது" என்றேன். "கொஞ்சூண்டு சீனி கையில குடுங்கம்மா" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது எனக்கு. சட்டைப் பையிலிருந்த சீனிப் பக்கெட்டைப் பிரித்து அவள் உள்ளங்கையில் கொட்டினேன். அவள் நின்றபடியே சீனியை நக்கி ஒரு மிடறு குடித்ததும் நான் உள்ளே போய்விட்டேன். உள்ளே தலைக்கு மேல் வேலை. பிறகு நான் வந்து பார்த்தபோது முற்றம் வெறுமையாக இருந்தது. கோப்பையைக் கழுவி, பால் பெட்டி மேல் கவிழ்த்து வைத்திருந்தாள்.

பேச்சியம்மா அந்தப் பங்களாவைக் கண்டால் வேறு எப்படி வருவாள்? வெள்ளைச் சுவர், புல்தரை, கார்கள், தொப்பிக்கார வாட்ச்சர். மகள் ஆயிரம் தடவை சொல்லியும், கால் தன்பாட்டுக்குப் பின்பக்கம் போயிருக்கிறது. வேலையில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிட்டால் பிள்ளைக்கு ஏச்சு விழும் என்று பெயரைக்கூடச் சொல்லவில்லை. இதெல்லாம் இப்போது எனக்கு விளங்குகிறது. அன்றைக்குச் சக்கைக்கு வந்தவள் என்பதோடு என் புத்தி நின்றுவிட்டது.

மூன்றரை பஸ் போன பிறகு பிரியந்தி வாசலைப் பார்ப்பதை நிறுத்தினாள். "வரலக்கா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த கிழமை லயத்துப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாளாம். கிளினிக்கில் நேரம் போய்விட்டது, வர முடியவில்லை என்று பேச்சியம்மா கடைக்காரர் வாயால் சொல்லியிருக்கிறாள். முன் வாசலுக்குப் பயந்தேன் என்று மகளிடம் எப்படிச் சொல்லுவாள்?

பிரியந்திக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "ஒரு மணித்தியாலம் எனக்காக வர முடியல, பாருங்க! நான் என்னத்துக்கு அவங்க காலப் பிடிச்சுக் கெஞ்சணும்?" என்றாள். மேயில் வெசாக் பண்டிகை லீவுக்கு வீட்டுக்குப் போகவில்லை. போன் போடவுமில்லை. நான் என்ன செய்தேன்? "விடு பிள்ளை, வயசான சனம் அப்பிடித்தான்" என்று சமாதானம் சொன்னேன். வெட்கங்கெட்ட வாய்!

யூனில் பேச்சியம்மாவை மகரகமவில் சேர்த்தார்கள். பிரியந்தி ஓடிப் போனாள். அதற்குள் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். பேச்சு சுத்தமாக இல்லை. மகளின் கையைப் பிடித்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாளாம். யூலை ஒன்பதாம் திகதி போய்ச் சேர்ந்தாள்.

செத்த வீட்டுக்குக் கடையிலிருந்து நான் மட்டும் போனேன். அன்றைக்குத் தோட்டத்தில் அரை நாளோடு வேலை நிறுத்திவிட்டார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நிற்க இடமில்லாமல் லயத்து வாசலோரம் ஒதுங்கினேன். அங்கே பழைய எண்ணெய் டின்னில் ஒரு செவ்வந்திச் செடி. அதன் அடியில் கறுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. கையில் எடுத்து முகர்ந்தேன். கோப்பிச் சக்கை.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் கோப்பிச் சக்கை எங்கிருந்து வந்தது? பக்கத்து அறை வீரம்மா, பேச்சியம்மாவோடு ஒரே மலையில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள், என்னைப் பார்த்து அருகில் வந்தாள். "அது பேச்சியம்மா நுவரெலியாவுலருந்து கொண்டாந்து போட்டுச்சும்மா" என்றாள்.

"எப்ப கொண்டுவந்தவ?"

"கிளினிக்கு போன அன்னைக்கு. மக கடைக்குப் போயிருக்கு, முன்னுக்குப் போகப் பயந்துக்கிட்டு பின்னுக்கே நின்னிருக்கு. மககிட்ட சொல்லிறாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு. யாழ்ப்பாணத்துப் பேச்சு பேசுற பொண்ணு ஒண்ணு கோப்பி குடுத்துச்சாம். மேல கொழுந்து மாதிரி போட்டிருந்துச்சாம். 'எம்மவ போட்டதுதான் வீரம்மா, எம்மவ கையால குடிச்சிட்டேன்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போச்சு."

கடையில் யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். வீரம்மா என் பேச்சைக் கேட்டுக்கொண்டே அதைச் சொன்னாள். தெரிந்து சொன்னாளோ தெரியாமல் சொன்னாளோ, நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பிரியந்தி வேலைக்கு வந்தாள். காலையில் பெயர் கூப்பிட்டபோது மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. பின்னேரம் ஆட்கள் குறைந்ததும் அவளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பத்து நாளும் யோசித்தேன். ஆனால் அவள் அம்மா வரவில்லை என்ற கோபத்தோடேயே அம்மாவைப் புதைத்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு நான் எப்படி அவள் பக்கத்தில் நிற்பது?

எல்லாவற்றையும் சொன்னேன். சுவெட்டர், பை, சக்கை, கையில் சீனி. ஒன்றை மட்டும் சொல்லவில்லை: அந்தக் கோப்பி ஒருத்தி வாய் வைத்துத் திருப்பி அனுப்பினது. அதை இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். பிரியந்தி இதை வாசித்தால் என்னை என்ன வேண்டுமானாலும் ஏசட்டும்.

அவள் தாழ்வாரத்து ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கியது, துடைக்கவில்லை.

"வந்திருக்காங்க" என்றாள். பிறகு மறுபடியும், "வந்திருக்காங்கக்கா."

"ஓம், வந்தவ. நீ போட்டதெண்டு தெரிஞ்சுதான் குடிச்சவ."

சுவரோரம் நான்கு பால் பெட்டிகள் கவிழ்த்துக் கிடந்தன. அன்றைக்கும் அவை அங்கேதான் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உக்காந்து குடிச்சாங்களாக்கா?"

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆமாம் என்று சொன்னால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இல்லை பிள்ளை. நிண்டுதான் குடிச்சவ. நான் இருக்கச் சொல்லேல்லை."

பிரியந்தி தலையாட்டினாள். என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

"சொல்லியிருந்தா உக்காந்திருப்பாங்கக்கா" என்றாள். "எங்கம்மா யாரு என்ன சொன்னாலும் கேப்பாங்க."